லீவுதானே, வீட்டுக்கு வா

ஜூலை பிறந்தால் போதும், அம்மா போனில் கேட்பது ஒன்றுதான். "லீவு விட்டாச்சா? வீட்டுக்கு வா." பிஎச்டி படிப்பவர்களுக்கு லீவு கிடையாது, வருஷம் பன்னிரண்டு மாசமும் பதிவில்தான் இருக்கிறோம் என்று முதல் வருஷம் விளக்கிப் பார்த்தேன். "அப்போ கேண்டீன் பூட்டிக் கிடக்கு, சாப்பாட்டுக்குக் கஷ்டமா இருக்குன்னு நேத்து ஏன் சொன்னே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பையைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதைச் சம்மர் என்கிறார்கள். நமக்கு வருஷம் முழுக்க வெயில்தான். ஆனாலும் இரண்டாம் செமஸ்டர் தேர்வு முடிந்து புதுக் கல்வியாண்டு தொடங்கும்வரை இரண்டு மூன்று மாதம் வளாகம் காலியாகக் கிடக்கும். டுட்டோரியல் இல்லை, தாள் திருத்தும் வேலை இல்லை, மேற்பார்வையாளரும் கூட்டத்துக்குக் கூட்டம் ஓடிக்கொண்டிருக்க மாட்டார். இந்த மாதங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று நீண்ட விடுமுறைகளை ஊரில் கழித்தேன். முதலாவது வீண். இரண்டாவது பாதி வீண். மூன்றாவதுதான் கொஞ்சம் உருப்படி. விரிவுரையாளர் வேலையைக் குறிவைத்துப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, கோலாகங்சார் போகிற வழி. வரலாற்றுப் பாடநூலில் எங்கள் ஊர் தலைகாட்டுவது ஓரிடத்தில்தான்: 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. என் ஆய்வு அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றியது. 1950களிலும் 60களிலும் பெரிய பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்களே, அப்போது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கேள்வி. எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். என் அப்பாயி போட்ட பங்கின் ரசீது இன்னும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆய்வு முன்மொழிவில் அதை எழுத முடியாது என்பது வேறு விஷயம்.

முதல் விடுமுறைக்கு ஒரு பெட்டி நிறைய ஜெராக்ஸ் தாளோடு வந்து இறங்கினேன். எண்ணிப் பார்த்தேன், 63 கட்டுரைகள். ஒரு நாளைக்கு இரண்டு படித்தால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஊரில் ஆடி மாதம். கோயில் கோயிலாகத் திருவிழா, கூழ், தீமிதி. ஆவணி பிறந்ததும் வரிசையாகக் கல்யாணம். திரும்பி ரயில் ஏறும்போது 11 கட்டுரை படித்திருந்தேன், அதிலும் நான்கு மறந்துபோயிருந்தது.

படிப்புதான் ஓடவில்லை, பேட்டியாவது எடுப்போம் என்று இடையில் ஒரு யோசனை வந்தது. எழுபது எண்பது வயது தாத்தா பாட்டிமார் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒன்பது பேரிடம் பேசினேன். மொத்தம் 14 மணி நேரம். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்திக்ஸ் அப்ரூவல் நம்பர் என்னம்மா?"

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மனிதர்களிடம் தகவல் வாங்கும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு முன்கூட்டி அனுமதி தர வேண்டும். எடுத்து முடித்த பேட்டிக்குப் பின்தேதியிட்டு அனுமதி தர மாட்டார்கள். அந்த 14 மணி நேரத்தில் ஒரு வரியைக்கூட ஆய்வேட்டில் சேர்க்க முடியவில்லை. மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேற்பார்வையாளர். எடுத்தேன், ஆனால் ஏழு பேரிடம்தான். மற்ற இருவரும் அந்த வருஷமே காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய குரல் என் கைபேசியில் இருக்கிறது, குடும்பத்தாருக்குப் பிரதி கொடுத்துவிட்டேன்.

ஆகவே விடுமுறையில் களப்பணி செய்ய நினைப்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். எனக்கு ஒரு திருத்தத்தோடு பத்து வாரம் ஆனது. ஆய்வு விளக்கத் தாள், ஒப்புதல் படிவம், கேள்விப் பட்டியல் மூன்றும் பேட்டி கொடுப்பவரின் மொழியில் இருக்க வேண்டும். நான் ஆங்கிலப் படிவத்தை எடுத்து வரிக்கு வரி தமிழாக்கி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தினார். "இது என்னா, கோர்ட்டு சம்மன் மாதிரி இருக்கு? இதைக் காட்டுனா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க." அவர் சொன்னபடியே மாற்றி எழுதினேன். 'பங்கேற்பாளர் எந்நிலையிலும் விலகிக்கொள்ளும் உரிமை உடையவர்' என்பது 'பேசிக்கிட்டு இருக்கும்போதே வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, நிறுத்திடலாம்' என்று ஆனது. குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாவது விடுமுறையில், முதல் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படிவத்தை வாசித்துக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போட வராது என்றதால் மைப்பெட்டியை எடுத்தேன். அந்தத் தாத்தாவுக்கு 84 வயது. மைப்பெட்டியைப் பார்த்ததும் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். வேடிக்கைக்காகச் செய்கிறார் என்று நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பேசுறேன், எவ்வளவு வேணும்னாலும் பேசுறேன். கைநாட்டு மட்டும் கேக்காதே, தாயி. ஒரு தடவை வச்சோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, வீட்டைக் காலி பண்றதுக்கு நாங்களே சம்மதிச்சமாம்."

மைப்பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் பெண் கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு வந்தேன். படிக்காதவர்களிடம், அல்லது தாளைக் கண்டால் அஞ்சுகிறவர்களிடம், வாய்மொழி ஒப்புதலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்கலாம். விண்ணப்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்காததால் திருத்த விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். ஆனால் அந்த மைப்பெட்டி எனக்கு ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தையே கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும். அதுவரை துண்டாடலை நிலக் கணக்காக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளும் கைநாட்டும் இதில் என்ன வேலை செய்தன என்று தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

காத்திருந்த அந்த மூன்று வாரத்தில்தான் எழுதும் பழக்கம் வந்தது. அதற்குக் காரணம் நான் இல்லை, அம்மா. அவர் முப்பது வருஷம் பால் வெட்டியவர். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, நாங்கள் டவுனில் மலிவு விலை வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆகியும் நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டியதில்லை, நெற்றி விளக்கும் இல்லை, ஆனாலும் எழுந்து கோப்பி கலக்கிக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு மேல் ஆள் வரத்துப் போக்கு ஆரம்பித்துவிடும். வருகிறவர்கள் எல்லாரும் "இன்னும் படிப்பு முடியலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். சரி, விடிவதற்கு முன் எழுதிப் பார்ப்போம் என்று நானும் எழுந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் வேகத்தில் மூன்று மணி நேரம் எழுதினேன். மறுநாள் ஒரு வரி வரவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "ஒரே நாள்ல ஆழமா வெட்டுனா மரம் காயம் பட்டுப் போகும். அப்புறம் புதுப் பட்டை சரியா வளராது, முண்டும் முடிச்சுமாதான் வரும். நூல் கனத்துக்குச் சீவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிடணும். வெயில் ஏறுனா பாலும் நின்னுடும்." அவருக்கு ஆய்வு எழுதுவது பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்தது போல் பேசவும் இல்லை. மரத்தைப் பற்றித்தான் சொன்னார். நான்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு பத்தி. 4.45இல் இருந்து 6.15 வரை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் 6.15க்கு மடிக்கணினியை மூடிவிடுவது. மூடும்போது அடுத்த பத்தியின் முதல் வரியைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிடுவேன். காலையில் வந்து உட்காரும்போது எங்கே தொடங்குவது என்று முழிக்க வேண்டியதில்லை.

இப்படி ஆறு வாரத்தில் ஓர் அத்தியாயத்தைக் கட்டுரையாக்கினேன். அத்தியாயம் 14,000 சொல், கட்டுரைக்கு 7,500. வெட்டிச் சுருக்கினால் போதும் என்றுதான் தொடங்கினேன், அது நடக்கவில்லை. ஆய்வேட்டு அத்தியாயம் தேர்வாளருக்காக எழுதுவது. எனக்கு இதெல்லாம் தெரியும் பாருங்கள் என்று காட்டிக்கொண்டே போகும். இதழ் படிப்பவருக்கு அது தேவையில்லை. இவள் புதிதாக என்ன சொல்கிறாள் என்று இரண்டாம் பக்கத்துக்குள் தெரிய வேண்டும். எனக்கு உதவியது ஒரு சின்னப் பயிற்சி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிடும் 'காஜியான் மலேசியா' இதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து என் துறைக்குப் பக்கத்தில் வரும் ஐந்து கட்டுரைகளை எடுத்து, அவற்றில் உள்ள விஷயத்தை விட்டுவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தேன். முன்னுரை எத்தனை பத்தி, வாதம் எந்தப் பத்தியில் வருகிறது, முந்தைய ஆய்வுகளுக்கு எவ்வளவு இடம், சான்று எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்களோ அதை வைத்தே இதைச் செய்யுங்கள். அரை நாள் வேலை.

ஆவணக் காப்பகம் பக்கத்தில் இல்லையே என்று ஊரில் இருப்பவர்கள் கவலைப்படுவார்கள், நானும் பட்டேன். தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரில்தான் இருக்கிறது, அங்கே போய்த்தான் ஆக வேண்டும். மலாய் மாநிலங்களைப் பற்றிய காலனித்துவ அலுவலகக் கோப்புகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் கைக்காசில் முடியாது. ஆனால் சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு'வும் அதில் உண்டு. எங்கள் வீட்டு வைஃபை மழை பெய்தால் நின்றுவிடும் என்பதைத் தவிர வேறு இடைஞ்சல் இல்லை.

சரி, கட்டுரை முடிந்தது. இனிதான் அந்த வருஷத்தின் பெரிய முட்டாள்தனம்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே' என்று தொடங்கியது. நான் அப்போது டாக்டர்கூட இல்லை. உங்கள் ஆய்வுப் புகழைக் கேள்விப்பட்டோம், எங்கள் பன்னாட்டு இதழுக்குக் கட்டுரை தாருங்கள் என்றார்கள். ஆய்விதழ்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் ஸ்கோப்பஸ் பட்டியலில் இதழ் இருப்பதாக முகப்பிலேயே முத்திரை. அனுப்பினேன். நான்காம் நாள் ஏற்றுக்கொண்டோம் என்று பதில். மதிப்பீட்டாளர் கருத்து என்று ஒரு வரி இல்லை. 300 அமெரிக்க டாலர் கட்டச் சொன்னார்கள், ஒரு வாரத்துக்குள். அம்மாவுக்கு அந்த மாதம் கூட்டுச் சீட்டு விழுந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி மாற்றுவதற்கு வைத்திருந்த பணம். "புத்தகத்தில பேரு வருதுன்னா கட்டிடு" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பேர் வந்தது. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஸ்கோப்பஸ் பட்டியலில் அந்த இதழ் இல்லை. பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஒருமுறை வெளியானதை வேறு இதழுக்கு அனுப்பவும் முடியாது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினால், அதற்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது! ஆறு வார விடியற்காலை அப்படியே போனது. தண்ணீர்த் தொட்டியை அடுத்த வருஷம்தான் மாற்றினோம்.

இதழை எப்படிச் சோதிப்பது என்பதை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதழின் முகப்பில் உள்ள முத்திரையை நம்பாதீர்கள். ஸ்கோப்பஸின் சொந்தத் தளத்தில் இதழ்ப் பட்டியல் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது; அதில் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயரைப் போட்டால் ஏமாறலாம், உண்மையான இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் இருந்தாலும் எந்த ஆண்டுவரை என்று பாருங்கள், இடையில் நீக்கப்பட்டவையும் உண்டு. யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களுக்கான டிஓஏஜே என்ற பட்டியலிலும் பாருங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கட்டணம் வாங்கும் இதழ் எல்லாம் போலி அல்ல, நல்ல இதழ்களும் வாங்குகின்றன. நான்கு நாளில் ஏற்பு வந்தால் மட்டும் ஓடிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், அனுப்புவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை. நான் கேட்காததற்குக் காரணம், ஏற்றுக்கொண்ட பிறகு சொல்லி அவரை அசத்தலாம் என்ற ஆசை.

மூன்றாவது விடுமுறையில் வேறோர் அத்தியாயத்தை எடுத்து மறுபடியும் நாலே முக்கால் மணி. இந்த முறை உருப்படியான இதழுக்குப் போனது. ஏழு மாதம் கழித்து இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்து வந்தது, அதில் ஒருவர் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. திருத்தி அனுப்பினேன், வந்துவிட்டது. அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த விடுமுறையில் கட்டுரைக்குச் சமமாக உதவிய இன்னொன்று, வகுப்பெடுத்தது. விரிவுரையாளர் நேர்காணலில் மாதிரி விரிவுரை கேட்பார்கள். பதினைந்து இருபது நிமிடம், முன்னால் உட்கார்ந்திருப்பது மாணவர்கள் அல்ல, பேராசிரியர்கள். டுட்டோரியல் எடுத்த அனுபவம் இருந்தாலும் முழுப் பாடத்தை நானாகத் திட்டமிட்டது கிடையாது. எங்கள் ஊரில் ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளைகள் சிலர் எஸ்டிபிஎம் என்ற ஆறாம் படிவத் தேர்வின் வரலாற்றுப் பாடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கோயில் மண்டபத்தை வாரம் இரண்டு மாலை கேட்டு வாங்கினேன். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பாடத்திட்டத்தை மட்டும்தான் நடத்த வேண்டியிருக்கும். எனக்கு என் சொந்தப் பாடத்தையும் நடத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

எட்டு வாரத்துக்கு ஒரு பாடத்திட்டம் எழுதினேன். இந்த வகுப்பு முடியும்போது மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாரங்களைப் பிரிப்பது. நம் பல்கலைக்கழகங்களின் பாடக் கோப்புகள் அந்த முறையில்தான் இருக்கின்றன, ஆகவே முன்னமே பழகிக்கொள்வது நல்லது. முதல் இரண்டு வகுப்பு படுதோல்வி. 40 ஸ்லைடு வைத்திருந்தேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், யாரும் தலையைத் தூக்கவில்லை. மூன்றாம் வாரம் மின்சாரம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் ஒரு மணிலாத் தாளைத் தரையில் விரித்து, இதுதான் 2,000 ஏக்கர் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை எல்லாம் வரைந்தேன். கத்தரிக்கோலால் அதைப் பத்துத் துண்டாக வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்து, உங்கள் துண்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, இனி யார் எங்கே போவது என்று கேட்டேன். ஒரு பையனுக்குக் கிடைத்த துண்டில் பள்ளிக்கூடத்தின் பாதி இருந்தது. மறு பாதி அவன் தங்கையிடம். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். மணி ஒன்பது ஆனதே தெரியவில்லை.

வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இந்தத் துண்டையெல்லாம் வாங்குனது யாரு?" என் ஆய்வேட்டில் அதற்கு அரைப் பக்கம்தான் இருந்தது, அதுவும் மழுப்பலாக. 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலைப் பற்றிப் பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அசிஸ் மலாயாப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வை அதுவரை மேற்கோளுக்காக மட்டுமே புரட்டியிருந்தேன். அன்று இரவே அதை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பிறகு ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட இரண்டாவது கேள்வி அதேதான்.

அந்த மணிலாத் தாளைத்தான் நேர்காணலுக்கும் கொண்டு போனேன். அங்கே பாதி விரிவுரையை மலாயில் நடத்தச் சொல்வார்கள் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை. சொல்லவில்லையே தவிர, எதிர்பார்த்திருக்க வேண்டும். நல்லவேளையாக எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியை ஒருவர் இருக்கிறார், நாங்கள் 'சிகு' என்றுதான் கூப்பிடுவோம். விடுமுறையில் மாலை நேரத்தில் அவரிடம் என் ஆய்வை மலாயில் சொல்லிக் காட்டுவேன். துண்டாடலுக்கு மலாயில் என்ன சொல் என்பதிலிருந்து எல்லாம் அவர் திருத்தியதுதான். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குத் தங்கள் ஆய்வை மலாயிலும் தமிழிலும் ஐந்து நிமிடம் கோர்வையாகப் பேச வராமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படித்தான் இருந்தேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய 'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டி இப்போது இங்கேயும் நடக்கிறது. ஒரே ஸ்லைடு, மூன்றே நிமிடம். போட்டிக்குப் போகாவிட்டாலும் வீட்டில் செய்து பாருங்கள். அம்மா நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "நம்ம கதைதான், ஆனா நீ சொல்றப்ப தூக்கம் வருது" என்றார். ஐந்தாம் தடவை தூக்கம் வரவில்லை.

மற்றதெல்லாம் சில்லறை வேலை, ஆனால் விடுமுறையில் முடித்துவிட வேண்டியவை. கல்வித் துறைக்கான தன்விவரக் குறிப்பு வேறு, வேலைக்குப் போடும் ஒரு பக்க ரெஸ்யூமே வேறு. கற்பித்தது, வெளியிட்டது, கருத்தரங்கில் பேசியது எல்லாம் தனித்தனித் தலைப்பில் வர வேண்டும். தலைப்பைப் போட்டுவிட்டால் எந்த இடம் காலி என்று தெரிந்துவிடும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்க்கிட் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், 16 இலக்கம், காசு கிடையாது, பத்து நிமிட வேலை. தமிழர்களின் முதலெழுத்து ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி அச்சாகிறது, 'இன்னாரின் மகள்' என்பதற்கு மலாயில் போடும் 'அ/பெ' வேறு நடுவில் நுழைந்துகொள்ளும், ஆகவே நமக்கு அது ரொம்பவே தேவை. மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஸோட்டெரோ மென்பொருளும் இலவசம். பரிந்துரைக் கடிதம் கேட்பதானால் ஆறு வாரம் முன்னால் கேளுங்கள், வெறுங்கையோடு கேட்காதீர்கள். தன்விவரக் குறிப்பு, வேலை விளம்பரம், கடைசித் தேதி மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அமெரிக்கப் பக்கம் வேலை தேடுகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே விளம்பரங்கள் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் வந்துவிடும். ஆய்வு அறிக்கையும் கற்பித்தல் அறிக்கையும் ஜூலையில் கையில் இல்லையென்றால் அந்த வருஷம் போனது மாதிரிதான்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை எழுதினால் பொய்யாகிவிடும். என் உதவித்தொகை ஒரு கட்டத்தில் நின்றது. மூன்றாவது விடுமுறையில் பகலில் மாமாவின் ஸ்டேஷனரி கடையில் நின்றேன், ஜெராக்ஸ் எடுத்தேன், லேமினேட் செய்தேன். விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்களுக்கு வீட்டில் வேறு யாரோ சோறு போடுகிறார்கள். நமக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதனால்தான் ஒரு விடுமுறைக்கு ஒரு காரியத்தை மட்டும் முடிப்பது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். 63 கட்டுரை வேண்டாம்.

அந்த முதல் நேர்காணலில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. இப்போது ஒப்பந்த அடிப்படையில் ஓரிடத்தில் பாடம் எடுத்துக்கொண்டு மற்ற இடங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். நான்காவது முறையாக இந்த ஜூலையிலும் ஊருக்குத்தான் போகிறேன். செய்ய வேண்டிய ஒரு காரியம் முடிவாகிவிட்டது.

போன வருஷம், அச்சான கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொண்டு, பேட்டி கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். 81 வயது பாட்டி ஒருவர், பேத்தியை விட்டுத் தன் பகுதியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். நான் நெறிமுறைப்படி எல்லாருடைய பெயரையும் மாற்றியிருந்தேன். பேத்தி வாசித்து முடித்ததும் பாட்டி கேட்டார்: "இந்தப் பொம்பளை யாரு? இது நான் சொன்னதாச்சே." பாதுகாப்புக்காக மாற்றினேன் பாட்டி என்றேன். "யாருகிட்ட இருந்து பாதுகாப்பு? துரை செத்து நாப்பது வருஷம் ஆச்சு. தோட்டத்துச் சம்பளக் கணக்கு செக்ரோல்லயும் என் பேரைத் தப்பாத்தான் எழுதுனாங்க, நீயும் அதையே செஞ்சிட்டியேலா."

புதுத் திட்டத்துக்கான படிவத்தில் இப்போது இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன்: என் சொந்தப் பெயரைப் போடலாம், வேறு பெயரைப் போடலாம். குழுவின் அனுமதி மே மாதமே வந்துவிட்டது. முதலில் அந்தப் பாட்டி வீட்டுக்குத்தான் போக வேண்டும். முதலெழுத்து ச-வா, சு-வா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அடையாள அட்டையில் இருப்பதும் தப்பு என்றுதான் சொன்னார்.